நைலை அளந்த தூணும் உம்மு குல்தூமின் ரசிகர்களும்

கெய்ரோ மாநகருக்குச் செல்வோர் பெரும்பாலும் பிரமிடுகளையும், அல்-அஸ்ஹரையும், ஹுஸைன் (ரலி) அவர்களின் பெயர் தாங்கிய பள்ளிவாசலையும் கண்டு திரும்பிவிடுவர். உம்ராவை நிறைவேற்றிவிட்டுத் திரும்பும் வழியில், 2024-ஆம் ஆண்டு டிசம்பரில், நான்கு நாட்கள் அங்கே தங்கிய நானும் அவ்வளவோடு மனநிறைவு கொண்டிருப்பேன். அல்-அஸ்ஹரில் பயிலும் காயல்பட்டினத்து மாணவர் ஒருவர் விடவில்லை. "காக்கா, ரவ்ழாத் தீவுக்கு வாங்க. ஒரே வாசலுக்குள்ளே கஜானாவும் பாட்டும் அடுத்தடுத்து இருக்குது" என்றார். அவர் சொன்னது அப்போது விளங்கவில்லை.

அல்-மலிக் அஸ்-ஸாலிஹ் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, நைலின் சிறு கிளையைக் கடந்து, தீவின் தென்முனையை அடைந்தோம். அங்கே தான் 'மிக்யாஸ்' எனப்படும் நைல்மானி நிற்கிறது. ஹிஜ்ரி 247, அதாவது கி.பி. 861-இல், அப்பாஸிய கலீஃபா முதவக்கில் காலத்தில் கட்டப்பட்டது. தரைக்குக் கீழே கிணறு போல் ஆழ்ந்து செல்லும் கல்மண்டபம். சுவரோரமாகச் சுற்றி இறங்கும் படிகள். நடுவே முழக்கணக்கில் கோடுகள் வெட்டப்பட்ட எண்கோணத் தூண். சுவர்களில் மழையையும் விளைச்சலையும் பற்றிய திருக்குர்ஆன் வசனங்கள் கூஃபி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. ஆற்றுநீர் உள்ளே வருவதற்கு வெவ்வேறு மட்டங்களில் சுரங்க வழிகள் இருந்தன. இப்போது அவை அடைபட்டுவிட்டதால் அடிவரை இறங்கிப் பார்க்க முடிகிறது.

இத்தூண் அழகுக்காக நட்டதன்று. வெள்ளம் 16 முழத்தை எட்டினால் அவ்வாண்டு நாட்டுக்கு விளைச்சல் உண்டு, அரசுக்கு நிலவரி முழுமையாக உண்டு. எட்டாவிட்டால் வறட்சி, மிக மேலே போனால் அழிவு. ஒரு பேரரசின் வரவுசெலவுத் திட்டம் முழுவதும் இக்கல்லின் மீது ஏறி இறங்கிய நீரைப் பொறுத்தே இருந்தது. நீர்மட்டத்தை நாள்தோறும் தெருக்களில் கூவி அறிவிப்பதும் வழக்கமாயிருந்தது. மட்டம் குறைவு எனத் தெரிந்ததும் வணிகர்கள் தானியத்தைப் பதுக்குவர், விலை ஏறிவிடும். ஆகவே ஃபாத்திமிய கலீஃபா முஇஸ், நீர் 16 முழத்தை எட்டும்வரை யாரும் அளவைக் கூவக்கூடாது, தமக்கும் தம் தளபதி ஜவ்ஹருக்கும் மட்டுமே தெரிவிக்க வேண்டும் என ஆணையிட்டதாக வரலாற்றாசிரியர் மக்ரீஸி எழுதியுள்ளார். மக்களின் பீதியைத் தடுக்கவா, கணக்கை மறைக்கவா? இரண்டும் ஒரே ஆணைக்குள் அடங்கிவிட்டன என்றே எனக்குத் தோன்றுகிறது.

மிக்யாஸிலிருந்து சில எட்டு வைத்தால் 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மனஸ்தர்லி மாளிகை. அவ்வளாகத்தில் தான், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருமகளார் ஒருவரது பெயரைத் தாங்கிய பாடகி உம்மு குல்தூமின் அருங்காட்சியகம் 2001-ஆம் ஆண்டிலிருந்து இயங்கி வருகிறது. கல் பதித்த கறுப்புக் கண்ணாடி, மேடையில் கையில் பிடித்திருந்த பட்டுத்துணி, நீண்ட அங்கிகள், அரசுகள் அளித்த பதக்கங்கள் ஆகியன கண்ணாடிப் பேழைகளில் உள்ளன. என்னை அதிகம் நிறுத்தி வைத்தது அவருடைய தூதரகக் கடவுச்சீட்டு. ஒரு பாடகிக்கு எதற்காக அது?

இசை கூடுமா, கூடாதா என்பதில் நம் உலமாப் பெருமக்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டுக்குள் நான் நுழைய விரும்பவில்லை. அவ்வம்மையார் டெல்டாப் பகுதியின் சிற்றூர் ஒன்றில் பள்ளிவாசல் இமாமின் மகளாகப் பிறந்தவர். குர்ஆன் ஓதக் கற்றதன் வழியே அவர் நாவுக்கு வந்த உச்சரிப்புத் தெளிவை அரபுலகமே போற்றியது. பெண் பிள்ளை ஊர் ஊராகப் பாடப் போவது இழுக்கு என்று கருதிய தந்தையார், அவருக்கு ஆண் பிள்ளை உடை அணிவித்து அழைத்துச் சென்றாராம். 1934-இல் எகிப்திய வானொலி தொடங்கிய காலத்திலேயே அவருடைய குரல் அதில் ஒலித்தது. பின்னர் மாதந்தோறும் முதல் வியாழக்கிழமை இரவில் அவருடைய கச்சேரி நேரடியாக ஒலிபரப்பானது. அவ்விரவுகளில் தெருக்கள் வெறிச்சோடும் என்பர்.

1967 ஜூன் மாதப் போரில் எகிப்து படுதோல்வி அடைந்தது. ஸினாய் கைவிட்டுப் போனது. சூயஸ் கால்வாய் மூடப்பட்டதால் அதன் வருவாயும் நின்றது. அப்போது உம்மு குல்தூம், பாடிக் கிடைக்கும் பணத்தை அரசுக்கே தருவதாகப் புறப்பட்டார். டெல்டாவின் தமன்ஹூர் நகரில் தொடங்கி, அவ்வாண்டு நவம்பரில் பாரிஸ் வரை சென்றார். பின்னர் மொரோக்கோ, குவைத், துனீசியா, லிபியா, சூடான் எனப் பயணம் நீண்டது. பெண்களிடம் நகைகளும் திரட்டப்பட்டன. மொத்தத் தொகை பத்து இலட்சம் எகிப்திய பவுண்டைத் தாண்டியது என அவர் வாழ்வை ஆராய்ந்தோர் கணக்கிட்டுள்ளனர். கடவுச்சீட்டின் காரணம் விளங்கிற்று. அந்தப் பெண்மணி நடமாடும் பைத்துல் மாலாகவே இருந்திருக்கிறார்.

மஃரிபுக்குப் பின் மாணவர் என்னை நகரின் மையப் பகுதியிலுள்ள ஒரு காப்பிக் கடைக்கு அழைத்துச் சென்றார். பழைய சுவர்களெங்கும் உம்மு குல்தூமின் படங்கள். ஷீஷாப் புகைக்கும் பகடை உருளும் ஓசைக்கும் நடுவே அவருடைய ஒலிநாடா பாடிக்கொண்டிருந்தது. அவருடைய ஒரு பாட்டு ஒரு மணி நேரத்தையும் தாண்டும். குரல் எழுவதற்கு முன் வாத்தியங்களின் முகப்பே பல நிமிடங்கள் நீளும்; பாடிய அடியையே மீண்டும் மீண்டும் பாடுவார். ஆகவே கேட்போருக்குப் பேச நிறைய நேரம் கிடைக்கிறது. அவ்விடைவெளியில் பேச்சு எங்கே போகும் என்பதை அன்று கண்டேன்.

எங்கள் மேசையில் எழுபதை நெருங்கிய ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தார். எல்லாரும் அவரை 'யா ஹாஜ்' என்றழைத்தனர். உடன் வாடகை வண்டி ஓட்டும் இளைஞர் ஒருவர். ஆரம்பத்தில் பேச்சு முற்றிலும் இசை பற்றியதே. 1964-இல் உம்மு குல்தூமும் இசையமைப்பாளர் அப்துல் வஹ்ஹாபும் முதன்முதலாக இணைந்த பாட்டில் மின்சார கிதார் சேர்த்தது சரியா? பெரியவர், தவறு என்றார். இளைஞர், அது இல்லாவிட்டால் என் தலைமுறை காது கொடுத்திருக்காது என்றார். இருவரையும் சேர்த்து வைத்தவர் அதிபர் நாஸர் தாம் என்று பக்கத்து மேசைக்காரர் சொன்னார். நாஸரின் பெயர் வந்ததும் பாட்டுக்கு விடை கொடுத்தாயிற்று!

நாஸரிலிருந்து அஸ்வான் உயர் அணைக்குப் போனார்கள். அணைக்குக் கடன் தருவதாகச் சொன்ன அமெரிக்காவும் பிரிட்டனும் 1956 ஜூலையில் பின்வாங்கியதும், அம்மாதமே கால்வாய் நாட்டுடைமையானதும், அக்கதையை 1960-இல் அப்துல் ஹலீம் ஹாஃபிஸ் பாட்டாகவே பாடியதும் வரிசையாக வந்தன. 1970-இல் அணை முடிந்ததும் நைலின் வெள்ளப்பெருக்கு ஓய்ந்தது. அன்று பகலில் நான் கண்ட தூணுக்கும் வேலை ஓய்ந்தது. எந்தப் பாட்டைத் தொட்டாலும் அங்கே அரசாங்கத்தின் ஒரு செலவுக் கணக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று மாணவரிடம் தமிழில் கூறினேன். அவர் சிரித்தார்.

இளைஞர் ஷைகு இமாமின் ரசிகர். கண் பார்வையற்ற அப்பாடகரும், அவருக்குப் பாட்டெழுதிய அஹ்மத் ஃபுஆத் நஜ்மும் அரசைச் சாடிச் சிறை சென்றவர்கள். உம்மு குல்தூமின் நாய் ஒரு மாணவரைக் கடித்தும் வழக்கு ஒன்றுமில்லாமல் போனதை நஜ்ம் ஒரு கவிதையாகவே எழுதி ஏளனம் செய்தார். இளைஞர் அதை நினைவூட்டியதும் பெரியவரின் முகம் சிவந்தது. "அந்த அம்மையார் அரசுக்குக் கொடுத்தவர், மகனே. எடுத்தவர் அல்லர்."

"கொடுத்தது எங்கே போயிற்று, யா ஹாஜ்?" என்றார் இளைஞர்.

அங்கிருந்து ரொட்டிக்கு வந்தார்கள். எகிப்தியர் ரொட்டியை 'ஐஷ்' என்பர். வாழ்வு என்று பொருள். 1977 ஜனவரியில் அதிபர் ஸாதாத்தின் அரசு உணவு மானியங்களைக் குறைத்தபோது நாடெங்கும் கலவரம் மூண்டு, உயிர்கள் பலியாகி, ஆணை திரும்பப் பெறப்பட்டது. அதன் பின் வந்தவர்கள் மானிய ரொட்டியின் விலையைத் தொடவே அஞ்சினர். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு ரொட்டி 5 பியாஸ்தராகவே இருந்தது. 2024 ஜூன் முதல் நாள் அது 20 பியாஸ்தர் ஆயிற்று. நூறு பியாஸ்தர் கொண்டது ஒரு பவுண்டு. ஒரு ரொட்டிக்கு அரசுக்கு ஆகும் செலவு 125 பியாஸ்தர் என்று பிரதமர் அறிவித்திருந்தார்.

"அந்தக் கணக்கு சரிதானே?" என்றார் பக்கத்து மேசைக்காரர். "கோதுமையின் பெரும்பகுதியைக் கடல் கடந்து வாங்குகிறோம். மார்ச் மாதம் டாலர் 31 பவுண்டிலிருந்து 50-ஐ நெருங்கிவிட்டது. அரசு எங்கே போகும்?"

"கிழக்கே பாலைவனத்தில் புதிய தலைநகரம் கட்டப் போகிறதே! அங்கே கலை நகரம் என்றும் இசை மாளிகை என்றும் எழுப்பியிருக்கிறார்கள். என் தாயார் பேருந்தேறி அங்கே போய்ப் பாட்டுக் கேட்பாரா?" இளைஞரின் குரல் உயர்ந்தது. அது அரசின் வரவுசெலவுத் திட்டத்திலிருந்து எடுத்த பணமன்று, நிலம் விற்ற பணம் என்று அரசு சொல்வதைப் பக்கத்து மேசைக்காரர் எடுத்துக் கூறினார். "நிலம் யாருடையது?" என்றார் இளைஞர்.

அவ்வேளையில் கல்லாவில் இருந்த கடைக்காரர் எழுந்து, ஒன்றும் சொல்லாமல், ஒலிநாடாவின் சத்தத்தைக் கூட்டினார். எல்லாரும் பேச்சை நிறுத்தினர். கடைக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். கடை நடத்துபவருக்கு அவர் கவலை. ஆனால் முஇஸின் ஆணை அந்தக் கணத்தில் எனக்கு நினைவுக்கு வந்தது.

பெரியவர் மட்டும் மெதுவாக, மாணவரின் காதருகே குனிந்து, தொடர்ந்து பேசினார். அவர் தமன்ஹூரைச் சேர்ந்தவர். 1967-இல் அவருக்குப் பன்னிரண்டு வயது. போர் நிதிக்கு நகை திரட்ட வந்த பெண்களிடம் அவருடைய தாயார் தம் ஒற்றைத் தங்க வளையலைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார். அது மஹராக வந்த வளையல். அதற்குத் தந்த ரசீதைத் தாயார் மவ்த்தாகும் வரை முஸ்ஹஃபின் உறைக்குள் வைத்திருந்தாராம். இப்போது அது மகனிடம் இருக்கிறது. 1975 பிப்ரவரியில் உம்மு குல்தூமின் ஜனாஸாவைச் சுமந்தவர்களிடமிருந்து கூட்டம் அதைத் தன் தோள்களில் வாங்கி ஹுஸைன் பள்ளிவாசலை நோக்கிச் சென்றபோது, இருபது வயது இளைஞராக அக்கூட்டத்தில் தாமும் இருந்ததாகச் சொன்னார்.

"வளையலுக்கு நான் கணக்குக் கேட்கவில்லை" என்றாராம். "அது என் உம்மா மனமுவந்து கொடுத்தது. ரொட்டிக்குக் கேட்பேன். அதை இந்தப் பையன் சத்தம் போட்டுக் கேட்கிறான், நான் மெல்லக் கேட்கிறேன். அவ்வளவு தான் வேறுபாடு."

பாட்டில் அந்த அடி மூன்றாம் முறையாகத் திரும்பி வந்தது. சற்று முன் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்த மூவரும் ஒரே மூச்சில் "அல்லாஹ்!" என்றனர். அரபுகள் பாட்டை மெச்சும் முறை அது.

தேநீருக்கு நான் பணம் கொடுக்க முயன்றேன். பெரியவர் என் கையைப் பற்றி விலக்கிவிட்டார். எங்கள் இருவரின் கணக்கையும் இளைஞர் தீர்த்தார். மெட்ரோ நிலையத்துக்கு நடக்கும்போது மாணவர் வழியில் ஒரு அடுமனை முன் நின்று, மறுநாள் ஸஹருக்கு ஐந்து ரொட்டி வாங்கிக்கொண்டார். நோன்பு வைக்கும் எண்ணம் இருந்ததாம். அவரிடம் மானிய அட்டை இல்லை. கடைக்காரர் கேட்ட விலையைக் கொடுத்து, சூடு ஆறாத ரொட்டியில் பாதியைப் பிய்த்து என் கையில் வைத்தார்.