செவிக்கு வந்த நூலும் வீதியிலுள்ள கடையும்

நூலைச் செவியால் அறிவது தமிழர்க்குப் புதியதன்று. கல்வியைக் கூறிய வள்ளுவர் கேள்விக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். எம் கோயில்களில் ஒருவர் புராணம் படிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, எழுத்தறியாதாரும் இலக்கியத்தை நுகர்ந்தனர். இன்று அப்பணியைக் கைத்தொலைபேசி ஏற்றிருக்கிறது. திருகோணமலைத் துறைமுகத்தருகே வலை பொத்தும் தொழிலாளியும், சீனக்குடா மா ஆலையில் இரவு வேலை முடித்துத் திரும்புபவரும், பார்வையற்ற மாணவரும் நூலைக் கேட்டறிய இயலுமெனில், அதனை வரவேற்பதே முற்போக்காளர் கடன்.

ஆயினும், கேட்பவர் கொடுக்கும் பணம் யாரைச் சேர்கிறது? ஒலிநூல் வணிகத்தில் முன்னிற்கும் ஓடிபிள் நிறுவனம் 1995-இல் தொடங்கப்பட்டது. 2008-இல் அதனை அமேசன் விலைக்கு வாங்கிற்று. அச்சு நூலை இணையவழி விற்று வளர்ந்த நிறுவனத்தின் கையிலேயே ஒலிநூலும் சேர்ந்தது. இதற்கு மாற்றாக, 2013-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் லிப்ரோ எஃப்.எம். என்னும் சேவை தோன்றியது. அங்கே ஒலிநூல் வாங்குபவர் தாம் விரும்பும் புத்தகக்கடையொன்றைத் தேர்ந்துகொள்கிறார். விற்பனை வருவாயில் ஒரு பங்கு அக்கடையைச் சேர்கிறது.

"குரலை விற்பதில் கடைக்காரர் என்ன உழைத்தார்? அவருக்கு ஏன் பங்கு?" என்று சிலர் வினவலாம். எம் ஊர்க் கடைகளைப் பாருங்கள். கொப்பியும் பேனையும் பரீட்சை வழிகாட்டியும் விற்ற வருவாயிலேதான் அவை கவிதைக்கும் கதைக்கும் ஓர் இறாக்கை ஒதுக்குகின்றன. கைப்பணத்தில் நூல் அச்சிடும் ஈழத்து எழுத்தாளன், விற்றபின் பணம் பெறும் ஒழுங்கில் பத்துப் பிரதிகளை ஒப்படைப்பது அங்கேதான். வகுப்பில் நாம் குறிப்பிட்ட நூலை மாணவன் எடுத்துப் புரட்டிப் பார்ப்பதும் அங்கேதான். வாசகனை உருவாக்குவதும் உழைப்பே. அவ்வுழைப்பின் விளைச்சலை எங்கோ இருக்கும் நிறுவனம் முழுதாக அறுவடை செய்வது நீதியன்று.

1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது பூபாலசிங்கம் புத்தகசாலையும் எரிக்கப்பட்டது. புத்தகக்கடையின் வலிமையை எரித்தவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். நெருப்புக்குப் பின்னும் எழுந்த கடைகளை இன்று வறுமை வாட்டுகிறது. 2022-இல் காகிதத் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. இலக்கிய நூலின் கதியைச் சொல்லவும் வேண்டுமோ? எமக்குத் தெரிந்த கடையொன்றில் சிறுகதைத் தொகுதிகள் இருந்த இடத்தில் இன்று கைத்தொலைபேசி உறைகள் தொங்குகின்றன.

எனவே இவ்வொழுங்கை எம் நிலைமைக்கு ஏற்ப அமைத்துக்கொள்ள வேண்டும். தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1895-இல் வெளியிட்ட 'மோகனாங்கி' இம்மண்ணின் மைந்தர் தந்த நாவல். 'தோணி' மூதூர் வ. அ. இராசரத்தினத்தின் கதை. இவற்றை எம்மவர் குரலிலே பதிவு செய்யலாம். கடனட்டை இல்லாத தொழிலாளி கடையிலே ரூபாயைச் செலுத்தி ஒலிநூலைத் தன் தொலைபேசியில் பெறலாம். எழுத்தாளனுக்கும், வாசித்தவருக்கும், கடைக்கும் உரிய பங்குகளை முதலிலேயே எழுதி வைக்கலாம்.

எழுத்தாளர் சங்கங்களும் ஆசிரியர்களும் கடைக்காரர்களும் ஒன்றுகூடினால் இது ஆகாத காரியமன்று. கூடத் தவறின், எம் கதைகளை எம் மக்கள் கேட்பர். அக்கதைகளைக் காத்துத் தந்த கடைகளோ வீதியிலிருந்து ஒவ்வொன்றாக மறையும்.