துட்டுக்குப் பிரயோஜனமில்லாதவன்

எங்கள் அப்பாயி எனக்கு வைத்திருந்த செல்லப் பெயர், 'துட்டுக்குப் பிரயோஜனமில்லாதவன்'. அது எவ்வளவு நிஜம் என்பது அவள் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

நெடுங்காட்டு வீட்டில் அவளுடைய டிரங்குப் பெட்டியைக் குடைந்தபோது கிடைத்தது அந்தச் சுருக்குப்பை. உள்ளே வெற்றிலைச் சருகோடு, கறுப்பாக ஒரு செப்புக்காசு. சின்ன வயதில் என்னிடம் ஒருமுறை காட்டியிருக்கிறாள். "செல்லாக்காசு அப்பாயி, தூக்கிப் போடு" என்றேன். பதில் பேசாமல் முடிந்துகொண்டாள்.

இப்போது புளியைப் போட்டு அரை மணி நேரம் தேய்த்தேன். பளபளவென்று ஒரு பக்கம் அல்லி மாதிரி ஒரு பூ. மறுபக்கம், தமிழில் 'புதுச்சேரி'!

மறுநாள் காரைக்கால் ஆபீசில், பழங்காசு சேர்க்கும் சீனியரிடம் காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டார். "புளியா போட்டீர்? பழங்காசை விளக்கினா மதிப்பே போச்சுய்யா!"

அப்புறம் மனசு இரங்கிச் சொன்னார். 1736-ல் ஆற்காடு நவாப் தோஸ்த் அலியிடம் பிரெஞ்சுக்காரர்கள் ரூபாய் அடிக்கும் உரிமை வாங்கினார்கள். அந்த வெள்ளி ரூபாயில் பாரசீக எழுத்தில் டில்லி பாதுஷா பெயர். 1739-ல் காரைக்காலும் அவர்கள் கைக்கு வந்தது. கத்திரிக்காய் வாங்குகிற செப்புக்காசில் மட்டும் பூ பிரெஞ்சு ராஜாவுக்கு, எழுத்து நமக்கு. 'காரைக்கால்' என்று பொறித்த காசும் உண்டு. நம்ம துட்டைத்தான் அவர்கள் 'தூதூ' என்றார்களாம்.

"இது பழைய வித்தைய்யா. ரோமாபுரிக்கு அடங்கிக் கிடந்த கிரேக்க ஊர்லயும் இப்படித்தான். தங்கக்காசு சக்கரவர்த்தி சமாச்சாரம். செப்புக்காசுல ஒரு பக்கம் அவர் தலை. மறுபக்கம் எபேசு, ஸ்மிர்னான்னு ஊர்ப் பேரு, ஊர்ச்சாமி. பெரிய காசு ராஜா பேரைச் சொல்லும், சில்லறைதான் ஊர் பேரைச் சொல்லும்."

எனக்குச் சுருக்கென்றது. 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சு ஆட்சி கைமாறியபோது அப்பாயி பாவாடை கட்டிய சிறுமி. கடைசிவரை கைநாட்டு. அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாதவள் அறுபது வருஷத்துக்கு மேல் முடிந்து வைத்திருந்தாள். படிக்கத் தெரிந்த நான், தூக்கிப் போடச் சொன்னேன். யார் கொடுத்த காசு, ஏன் வைத்திருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

"சரி, என்ன விலை சொல்றீர்?" என்றார் சீனியர்.

"விக்கிறதுக்கில்ல சார்."

இப்போது அது என் சட்டைப்பையில். நெடுங்காடு பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை கேட்கும்போதெல்லாம் அதுதான் முதலில் கையில் சிக்குகிறது. திரும்ப உள்ளே போட்டுக்கொண்டு முழு நோட்டை நீட்டுகிறேன். அவர் திட்டுவது அப்பாயி குரலிலேயே கேட்கிறது.