வாசலை மூடுவது

ஏற்காட்டில் ஒரு நண்பர் வீட்டுப் படிகளின் கல்லிடுக்குகளில் அது படர்ந்திருந்தது. அரிசியைவிடச் சற்றே பெரிய, நீர் கட்டிய இலைகள். பெயர் ஸீடம் என்றார் நண்பர். ஒரு கொத்தைக் கிள்ளிக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். கணுவுக்குக் கணு வேர் விடும், மண்ணில் போட்டால் போதும், தரையை மூடிவிடும் என்றார். எந்தத் தரையை என்று நான் கேட்கவில்லை. என் மனசில் அது ஏற்கனவே முடிவாகியிருந்தது.

தம்மம்பட்டியில் எங்கள் வீட்டு முன்னால் செம்மண் வாசல். அதன் ஓரத்தில்தான் அப்பா உட்கார்ந்து மரம் செதுக்கினார். தூங்குமூஞ்சி வாகையில் குதிரைகள், யாளிகள், வாசக்கால் தேவதைகள். அவர் உளியிலிருந்து தெறித்த செதில்கள் வருஷக்கணக்காக விழுந்து, மிதிபட்டு, மக்கி அந்த இடத்து மண்ணே நிறம் மாறிவிட்டது. அவர் போனபின் அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. அங்கே பசுமையாக ஒன்று படர வேண்டும் என்று நினைத்தேன். அதற்கு நினைவு என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

அம்மாவிடம் சொன்னபோது அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். விழுந்து இடுப்பு ஒடிந்தபின் அவளால் குனிய முடியாது.

"வாசல்ல எவனாச்சும் செடியப் படர உடுவானா கண்ணு? புல்லு மொளச்சுக் கெடந்தா ஆளில்லாத வூடுன்னு நெனைக்க மாட்டாங்களா?"

இது புல் இல்லை என்றேன். அவளுக்கு அந்த வித்தியாசம் முக்கியமாகப் படவில்லை. யோசித்தால் எனக்கும் படவில்லை. தோட்டக்கலைப் புத்தகங்கள் வெறும் தரையை ஒரு குறையாகவே பார்க்கின்றன. மூடப்பட்ட தரைதான் பராமரிக்கப்பட்ட தரை. குளிர்நாட்டுக்காரன் புல்வெளியைக் கத்தரித்து வைத்துக்கொள்கிறான். நம் பக்கத்தில் இது தலைகீழ். தெளித்துக் கூட்டிய வெறும் மண்தான் மனுஷக் கை பட்டதற்கு அடையாளம். பாம்பு வந்தால் தெரிய வேண்டும். தானியம் காய வேண்டும். கோலம் விழ வேண்டும். பந்தக்கால் நட வேண்டும். அப்பாவைக் கடைசியில் கிடத்தியதும் அந்த மண்ணில்தான். வெறுமை என்று நான் நினைத்தது வெறுமை அல்ல. ஒரு பெண் தினமும் விடிவதற்குமுன் குனிந்து உண்டாக்கிய ஒன்று.

இருந்தும் நட்டேன். புரட்டாசி முடிவில், அப்பாவின் இடத்தில்.

ஐப்பசி மழையில் செடி அழுகிவிட்டது. காரணம் எளிது. மக்கிய மரச்செதில் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். ஸீடத்துக்குத் தண்ணீர் வடிந்து ஓடவேண்டும். வேரடியில் ஈரம் நின்றால் தண்டு கூழாகிவிடுகிறது. மிஞ்சிய நாலு துண்டுகளை வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோனேன். அங்கே வெளிச்சம் போதாமல் தண்டு நீண்டு வெளிறியது. உதிர்ந்த வேப்பிலை மேலே விழுந்து மூடியது. தரையை மூட வந்த செடியைத் தரை மூடிக்கொண்டது.

அப்புறம்தான் படித்தேன். இந்தக் குடும்பத்துச் செடிகளின் வினோதத்தை முதலில் எழுதி வைத்தவர்களில் ஒருவர் நம் தென்னாட்டில் வாழ்ந்தவர். பெஞ்சமின் ஹைன், தரங்கம்பாடிக்கு மொரேவிய மிஷனரியாக வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தாவரவியல் வேலை பார்த்தவர். ரணகள்ளி இலை காலையில் புளிக்கிறது, நடுப்பகலில் சுவையற்றுப் போகிறது என்று கவனித்து லண்டன் லின்னேயன் சங்கத்துக்கு எழுதினார். 1815இல் அது அச்சாயிற்று. கொல்லையில் ரணகள்ளி இருந்தது. நானும் மென்று பார்த்தேன். விடியற்காலையில் புளியாரை மாதிரிப் புளித்தது. மாலையில் புளிப்பே இல்லை.

ரணகள்ளியும் ஸீடமும் ஒரே குடும்பம். பகல் வெப்பத்தில் நீரை இழக்காமலிருக்க இவற்றால் இலைத்துளைகளை மூடிக்கொண்டிருக்க முடியும். இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி அமிலமாகச் சேர்த்து வைத்துக்கொள்ளும். பகலில் உள்ளுக்குள்ளேயே அதைச் செலவழிக்கும். காலைப் புளிப்பு இரவுச் சேமிப்பின் ருசி. இரவு குளிர்ந்தால்தான் இந்தச் சேமிப்பு சரியாக நடக்கும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே இரவு தானாகக் குளிர்கிறது. எங்கள் வாசல் மேற்குப் பார்த்தது. கொல்லிமலைக்குப் பின்னால் சூரியன் இறங்கும்வரை வெயிலை வாங்கி, ராத்திரி வெகுநேரம் அனல் கக்கும். நான் பகலை மட்டும் பார்த்து இடம் தேடியிருக்கிறேன்.

கடைசித் துண்டுகளைக் கொல்லையில் வைத்தேன். அங்கே இடிந்த சுவரின் கருங்கற்கள் குவிந்து கிடக்கின்றன. கிழக்குப் பக்கம். காலை வெயில் விழும், மதியத்துக்குமேல் வீட்டு நிழல் வந்துவிடும். தண்ணீர் நிற்காது. யாரும் மிதிக்கமாட்டார்கள். யாருக்கும் அந்த இடத்தில் ஞாபகம் ஏதுமில்லை. இப்போது இரண்டு கற்களை மூடியிருக்கிறது. மூன்றாவது கோடையையும் தாண்டுமா என்பதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அம்மா விழுந்தபின் வாசல் கூட்டுவது என் வேலையாகியிருந்தது. நினைவுச்சின்னம் என்று நான் சொன்னதற்குள் அந்த வேலையிலிருந்து தப்பிக்கும் ஆசையும் இருந்தது. தரையை மூடிவிட்டால் கூட்ட வேண்டாம். அம்மாவுக்கு இது முதல் நாளே தெரிந்திருக்கும். அவள் சொல்லவில்லை.

இப்போது விளக்குமாற்றோடு அப்பாவின் இடத்துக்கு வரும்போது கை மெதுவாகிறது. மழை பெய்த மறுநாள் இன்னும் ஒன்றிரண்டு செதில்கள் மேலே வருகின்றன. உளி போன வளைவு அவற்றில் தெரிகிறது. செடி படர்ந்திருந்தால் இவை கண்ணில் பட்டிருக்காது. பொறுக்கி வைப்பதா, தள்ளிவிடுவதா என்று நிற்கிறேன்.

"அந்த மூலைய உட்டுட்ட பாரு கண்ணு" என்கிறாள் அம்மா, திண்ணையிலிருந்து.