கீரை ஆய்தல்

அப்பா பெருங்குடல் புற்றுநோயில் இறந்தார். பதினோரு வருஷங்கள் கழித்து என் குடலிலும் ஒரு பாலிப் இருந்தது. குழாய் விட்டுப் பார்த்த டாக்டர் அதை அங்கேயே கத்தரித்து எடுத்துவிட்டார். அடினோமா வகை. புற்றாகியிருக்கவில்லை, விட்டிருந்தால் ஆகியிருக்கலாம். மூன்று வருஷம் கழித்து மறுபடியும் பார்க்கவேண்டும் என்றார். அந்த மூன்று வருஷத்தை எதைக்கொண்டு நிரப்புவது என்று அவர் சொல்லவில்லை. யாரும் எழுதிக்கொடுக்காமல், நானாகவே வைட்டமின் மாத்திரைகளால் நிரப்பினேன். முக்கியமாக, ஃபோலிக் அமிலம்.

இது முழு மூடத்தனம் அல்ல. ஃபோலேட் உள்ள கீரையும் பருப்பும் நிறையச் சாப்பிடுகிறவர்களிடம் இந்த நோய் சற்றுக் குறைவு என்று பல கணக்கெடுப்புகள் காட்டியிருக்கின்றன. காரணமும் சொல்லமுடிகிறது. செல் இரண்டாகப் பிரியும்போது டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்கவேண்டும். அதன் நான்கு எழுத்துக்களில் ஒன்றான தைமினைச் செய்ய ஃபோலேட் வேண்டும். பற்றாக்குறை வந்தால் தவறான எழுத்து உட்கார்ந்துகொள்கிறது, இழை அறுகிறது. குடலின் உட்தோலோ சில நாட்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்வது. ஆகவே ஃபோலேட் காக்கும். தர்க்கம் சுத்தமாக இருந்தது. சுத்தமான தர்க்கத்தின் முன் எனக்கு எப்போதுமே ஒரு பலவீனம் உண்டு.

பிறகுதான் 2007ல் வெளியான அமெரிக்கச் சோதனையைப் படித்தேன். என்னைப்போலப் பாலிப் எடுக்கப்பட்ட 1,021 பேர். ஒரு பாதிக்குத் தினம் 1 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம். மறு பாதிக்கு ஒன்றுமில்லாத மாத்திரை. முதல் மூன்று வருஷத்தில் வித்தியாசமில்லை. அடுத்த முறை பார்த்தபோது, முற்றிய நிலையில் முளை இருந்தவர்கள் வெறும் மாத்திரைக்காரர்களில் 6.9 சதவிகிதம், ஃபோலிக் அமிலக்காரர்களில் 11.6. அன்றிரவு மாத்திரை தொண்டையில் இறங்க மறுத்தது. 2013ல் 13 சோதனைகளை, ஏறக்குறைய 50,000 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். புற்றுநோய் கூடவுமில்லை, குறையவுமில்லை. என் நம்பிக்கையைப்போலவே என் பீதிக்கும் ஆதாரம் போதவில்லை.

ஃபோலேட்டுக்கு நம்மீது அபிப்பிராயம் ஒன்றும் கிடையாது. வளர்கிற செல்லுக்கு அது தீனி. எந்தச் செல் என்று கேட்பதில்லை. இது பழைய விஷயம். மதராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகத சுப்பாராவ், ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்குச் சகோதரர்களைப் பறிகொடுத்தவர். அந்த நோய்க்கு மருந்தாகும் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்தது அவருடைய குழு. அதே ஆய்வுக்கூடம்தான் ஃபோலிக் அமிலத்தின் வேலையை மறிக்கும் அமினோப்டெரினையும் செய்தது. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அதை ரத்தப் புற்று வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். நோய் தற்காலிகமாகவேனும் பின்வாங்கியதை 1948ல் எழுதினார். கொடுப்பதும் மருந்து, மறிப்பதும் மருந்து.

அப்பாவுக்கு ஏற்றியது ஃப்ளூரோயுராசில். தைமின் உற்பத்தியை நிறுத்துகிற மருந்து அது. கூடவே லூகோவோரின் என்று இன்னொரு பாட்டில் தொங்கும். அதுவே ஃபோலேட்டின் ஒரு வடிவம்தான் என்று எவ்வளவோ பின்னால் தெரிந்துகொண்டேன். விஷத்தின் பிடியை இறுக்குவதற்காக வைட்டமின். அப்பா அந்தப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பார்.

ஒரு நாள் அம்மா திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் மாத்திரை விழுங்குவதைப் பார்த்து, எதற்கு என்றாள். குடலுக்கு நல்லது, கீரையில் இருக்கிற சத்துதான் என்றேன். கை நின்றது. “உங்கப்பாவுக்கு நான் போட்டதுல ஏதாவது குறைவா இருந்துதாடா?” என்றாள்.

பதில் சொல்லத் தெரியவில்லை. வாரத்தில் மூன்று நாள் கீரை சாப்பிட்ட மனிதர் அப்பா. கணக்கெடுப்புகள் ஆயிரக்கணக்கானவர்களைப்பற்றிப் பேசுகின்றன. ஒரு மனிதர் ஏன் இறந்தார் என்று அவற்றுக்குச் சொல்லத் தெரியாது. எனக்கோ அப்பாவின் சாவில் ஒரு குறை இருந்தாகவேண்டியிருந்தது. அது என்னவென்று தெரிந்தால் நான் இட்டு நிரப்பிக்கொண்டு தப்பிவிடலாம். என் மாத்திரை அவள் அடுப்பின்மேல் ஒரு புகார் என்பது அவளுக்குத்தான் முதலில் புரிந்தது.

மாத்திரையை நிறுத்திவிட்டேன். காலண்டரில் அடுத்த பரிசோதனைக்குக் குறித்த தேதி இருக்கிறது. முளையைக் கண்டு, முற்றுமுன் எடுத்துவிடுவது பலன் தருகிறது என்பதில் சந்தேகமில்லை. அதில் கவிதை எதுவும் இல்லை. முந்தின நாள் பேதி மருந்து குடிக்கவேண்டும், அவ்வளவுதான்.

மாலையில் அம்மாவுடன் உட்கார்ந்து கீரை ஆய்கிறேன். எனக்கு வேகம் போதாது. காம்பைக் கீரையோடு சேர்த்துப் போட்டுவிடுகிறேன். அவள் ஒன்றும் சொல்லாமல் அதை எடுத்து அப்பால் போடுகிறாள்.