நான் வெட்டி எடுத்த மஸ்தான்

அடி அண்ணாமலைப் பக்கம் கிரிவலம் வருகிறவர்களுக்குப் பல வருஷமாக நான் சொல்லிவந்த கதையில் ஒரு பொய் உண்டு. அறியாமல் சொன்னதில்லை. கேட்டவர்கள் உருகினார்கள், அதற்காகவே சொன்னேன்.

தேசூர் மஸ்தான் கதை அது. முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த நெசவாளி. ரமணர் விரூபாட்ச குகையில் இருந்த நாளிலேயே பக்தை அகிலாண்டம்மாளோடு நடந்து வந்து தரிசித்தவர். தன் கையால் நெய்த கோவணத் துணியை அவருக்குக் கொடுத்தவர். 1931இல் மஸ்தான் மறைந்தபோது சமாதி வைக்கத் தன் சீடர் குஞ்சு சுவாமியை ரமணர் அனுப்பினார். இதுவரை உண்மை. "தொழுகையெல்லாம் அவருக்குத் தேவைப்படவில்லை, சூஃபி என்றாலே இஸ்லாத்தைத் தாண்டியவன்" என்று சேர்த்தது நான். அவர் தொழுகையை விட்டதாக எந்த நூலிலும் நான் படித்ததில்லை.

சூஃபிக் கவி குணங்குடி மஸ்தான் சாகிபையும் விட்டுவைக்கவில்லை. மனோன்மணிக் கண்ணியைப் பாடிக் காட்டுவேன். அவர் முகியித்தீன் ஆண்டகை மேல் சதகம் பாடியதைச் சொல்லமாட்டேன். சுல்தான் அப்துல் காதிர் என்ற இயற்பெயருடைய குணங்குடியார் கீழக்கரையில் தைக்கா சாகிபிடம் மார்க்கக் கல்வி கற்றவர். அவர் போற்றிய ஆண்டகையோ 12ஆம் நூற்றாண்டு பக்தாதில் ஹன்பலி சட்டம் போதித்த ஆலிம். இதையெல்லாம் சொன்னால் என் கதை நிற்காது.

ஒரு சாயங்காலம், கிரிவலப் பாதையில் எனக்குச் சட்டை தைக்கிற பாயின் கடை வாசலில் கூட்டத்தை நிறுத்தி இதையே பேசினேன். உள்ளே பாய் மஃரிபு தொழுதுகொண்டிருந்தார். அவர் காதில் விழட்டும் என்றே குரலை உயர்த்தினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். சலாம் கொடுத்து முடித்து, விரிப்பை மடித்து வைத்துவிட்டு வந்தார்.

"சார், நாங்களும் சூஃபி தரீக்காக்காரங்கதான். ராத்திரி திக்ருக்கு உக்காரணும்னாலும் ஒளு எடுத்துட்டுதான் உக்காருவோம்."

கூட்டத்துக்கு முன்னால் நான் சிரித்துச் சமாளித்தேன். இமாம் கஸ்ஸாலியின் இஹ்யாவைப் பிறகுதான் ஒழுங்காகப் பிரித்தேன். சூஃபிகள் கொண்டாடுகிற அந்த நூலின் முதல் பகுதியிலேயே ஒளு என்கிற உடல் சுத்தமும் தொழுகையும் நோன்பும் பேசப்படுகின்றன. 922இல் சூஃபி ஹல்லாஜ் கொல்லப்பட்டதும் உண்மை, தர்கா கூடுமா கூடாதா என்று இன்றும் தமிழ் முஸ்லிம்கள் வாதிடுவதும் உண்மை. ஆனால் அது ஒரே வீட்டுக்குள் நடக்கிற வழக்கு. குர்ஆனையும் நபிவழியையும் வைத்துத்தான் இரு தரப்பும் பேசுகின்றன. யாரும் கூப்பிடாமல் நான் உள்ளே புகுந்து, பிடித்தவர்களை என் பக்கம் இழுத்துக்கொண்டு, மற்றவர்களை விவரமறியாதவர்கள் ஆக்கினேன். மத நல்லிணக்கம் என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தேன். ஐந்து வேளை தொழுகிற மனிதர்மேல் எனக்கிருந்த இளக்காரம்தான் அது.

பாயிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அன்று தலையாட்டிக் கேட்டவர்கள் வெவ்வேறு ஊர்க்காரர்கள். பக்கத்து வீட்டு முஸ்லிமைக் குறைவாகப் பார்க்கிற பார்வையை என்னிடமிருந்து எடுத்துப் போனார்கள். அவர்களை இனி எங்கே போய்த் தேடுவேன்?