பாரம் எங்கே இருக்கிறது?

ஹிரோஷிமா



ஜப்பானில் கார் வாங்க நினைப்பவர் ஷோரூமுக்குப் போனால் மட்டும் போதாது, போலீஸ் ஸ்டேஷனுக்கும் போக வேண்டும். வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் வண்டி நிறுத்தச் சொந்தமாகவோ வாடகைக்கோ ஓர் இடம் இருக்கிறது என்று வரைபடம் போட்டு எழுதிக் கொடுத்து, அவர்களிடம் சான்றிதழ் வாங்கினால்தான் காரைப் பதிவு செய்ய முடியும். இந்தச் சட்டம் எங்கள் ஊரான போளூரின் பஜாருக்கு வந்தால் ஊரில் பாதிக் கார்கள் மறுநாளே விலைக்கு வந்துவிடும். அப்புறம் ‘ஷாகென்’ என்ற தகுதிச் சோதனை இருக்கிறது. புது வண்டிக்கு 3 ஆண்டு கழித்தும், அதற்குப் பிறகு 2 ஆண்டுக்கு ஒரு தடவையும் கூப்பிடுவார்கள். 13 ஆண்டைத் தாண்டிய பெட்ரோல் காருக்கு ஆண்டு வரியும் ஏறத்தாழ 15 சதவீதம் ஏறிவிடும். பழைய காரை ஆசைப்பட்டு வைத்திருப்பவனை அரசாங்கம் வருடா வருடம் விசாரித்துக்கொண்டே இருக்கும்.

இவ்வளவும் தெரிந்துதான் முதல் தலைமுறை மாஸ்தா ரோட்ஸ்டர் ஒன்றை வாங்கினேன். அமெரிக்காவில் இதை மியாட்டா என்பார்கள், ஐரோப்பாவில் எம்எக்ஸ்-5. இரண்டே இருக்கை, மடக்கிவிடக்கூடிய துணிக்கூரை, முன்னால் 1,600 சிசி எஞ்சின். அந்த எஞ்சின் சுழற்றுவதோ பின்சக்கரங்களை. 1989-இல் விற்பனைக்கு வந்தபோது 120 குதிரைத்திறன், எடை 940 கிலோ. வழுக்கினால் தாங்கிப் பிடிக்கும் கணினி கிணினி எதுவும் உள்ளே கிடையாது.

போளூர் – ஜமுனாமரத்தூர் மலைப் பாதையில் காலமெல்லாம் ஜீப்பும் பிறகு பொலேரோவும் ஓட்டிய சித்தப்பாவிடம் போனில் சொன்னேன்.

“ரெண்டே சீட்டா? வூட்ல நாலு பேரு கீறீங்களேடா!”

“இது வூட்டுக்கு இல்ல சித்தப்பா, எனக்கு.”

“சரி, எந்த வீலு தள்ளுது?”

“பின் வீலு.”

“எடை இன்னா?”

“ஒரு டன்னுக்கும் கம்மி.”

“அப்ப மழையில பின்னாடி ஆடும். மூட்ட ஏதாவது போட்டு ஓட்டு. டிக்கி ஓரத்துல போடாத, ஆக்சிலுக்கு மேல வர்ற மாதிரி போடு.”

ஜப்பானிய மோட்டார் பத்திரிகைகள் பக்கம் பக்கமாகப் படம் வரைந்து விளக்கும் விஷயத்தை அவர் மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டார். ‘ஸ்போர்ட்ஸ் கார்’ என்றதும் நம் ஊரில் வேகம்தான் நினைவுக்கு வருகிறது. இந்த வண்டி கற்றுக்கொடுப்பது வேகத்தை இல்லை. பாரம் இந்த நொடியில் எந்தச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதை உடம்பால் அறிவதுதான் இதன் முழுப் பாடம். அந்தப் பாடத்தில் தேறியவர்கள் ஜவ்வாது மலையடிவாரத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் அதை விளையாட்டு என்று நினைத்ததில்லை.

இந்தக் காருக்கும் தமிழ்நாட்டுக்கும் ஓர் உறவுமுறை கூட உண்டு. என் வயதுக்காரர்களுக்கு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு நினைவிருக்கும். சென்னையை அடுத்த வண்டலூர் பக்கத்தில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1961 முதல் தயாரித்த கார். இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலோட்டி உருவம் கொடுத்தது. பானெட்டைத் திறந்தால் மட்கார்டோடு சேர்ந்து மூக்குப் பக்கமாக மொத்தமும் கவிழும், மெக்கானிக் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்ப்பார். சின்னத் தெருவில் ஒரே சுற்றில் திரும்பிவிடும். டாக்டர்களும் வக்கீல்களும் விரும்பி வைத்திருந்த வண்டி.

இங்கிலாந்தில் இதே ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கி, அதே மிக்கெலோட்டியிடம் வேறொரு சட்டையைத் தைத்து வாங்கி, 1962-இல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இரட்டை இருக்கை ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார்கள். அதற்கு மூத்ததுதான் நம் வண்டலூரில் நான்கு பேரை உட்காரவைத்து ஓடிக்கொண்டிருந்தது. 1980-இல் ஸ்பிட்ஃபயரும் அதே வகைக் காரான எம்ஜி-பியும் நின்றுபோயின. மலிவான, எடை குறைந்த, திறந்த கார் என்ற சாதியே ஏறக்குறைய அழிந்தது. அதற்குச் சற்று முன்னால், 1979-இல், பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் இந்த ஹிரோஷிமாவுக்கு வந்து, மாஸ்தாவின் கெனிச்சி யாமமோட்டோவிடம் அப்படிப்பட்ட கார் ஒன்றை நீங்கள் ஏன் செய்யக் கூடாது என்று கேட்டார். பின்னர் அவரே அந்தக் கம்பெனியில் சேர்ந்தார். தோஷிஹிகோ ஹிராய் தலைமையில் பொறியாளர்கள் உழைத்து, 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் வண்டியை நிறுத்தினார்கள். 2016-இல் பத்து லட்சமாவது ரோட்ஸ்டர் வெளிவந்தது.

ஹெரால்டிடம் ஒரு வில்லங்கமும் இருந்தது. அதன் பின் அச்சு நடுவில் இரண்டாகப் பிரிந்து ஊஞ்சல் மாதிரி ஏறி இறங்கும். வளைவுக்குள் வேகமாக நுழைந்துவிட்டுப் பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால், பாரம் முன்னால் சாயும், வண்டியின் பின்பக்கம் எழும்பும், சக்கரத்தின் அடிப்பகுதி உள்பக்கமாக மடங்கும், டயர் தரையை முழுதாகத் தொடாது. அப்புறம் வால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. 1970-களில் அதன் வாரிசாக வந்த கேஸல் காருக்கு ஒரே துண்டான பின் அச்சைப் போட்டுவிட்டார்கள்.

ரோட்ஸ்டரின் சக்கரம் அப்படி மடங்காது. ஆனால் பாரம் நகர்வதை எந்தக் கம்பெனியும் நிறுத்த முடியாது. எங்கள் ஊர்ப் பக்கம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டரைப் பார்த்திருப்பீர்கள். மேட்டில் டிரைலரை இழுக்கத் திணறும்போது முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும், டிரைவர் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. பாரம் முழுக்கப் பின்னால் போய்விட்டது. முன்டயருக்குத் தரை மேல் பிடி இல்லை. எந்தக் காரிலும் ஆக்சிலரேட்டரை மிதித்தால் இதுவே சிறிய அளவில் நடக்கிறது. பிரேக்கை மிதித்தால் நேர்மாறாக, முன்பக்கம் அழுந்திப் பின்பக்கம் லேசாகிறது.

ஒரு டயருக்கு இருக்கிற பிடி ஓர் அளவுதான். அதைத் திரும்புவதற்குச் செலவழிக்கலாம், இழுப்பதற்கோ நிறுத்துவதற்கோ செலவழிக்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் கேட்டால் கைவிரித்துவிடும். மாருதி 800 வந்த பிறகு நாம் ஓட்டிப் பழகிய கார்களில் பெரும்பாலானவை முன்சக்கரம் இழுப்பவை. திரும்புகிற வேலையும் இழுக்கிற வேலையும் அந்த இரண்டு டயர்களுக்கே. அளவு மீறினால் வண்டி திரும்பாமல் நேராகப் போகும். காலை எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும், ஆகவே பயந்தவனையும் அது காப்பாற்றும். பின்சக்கரம் தள்ளும் வண்டி வேலையைப் பங்கு போடுகிறது: முன்டயர் திருப்புகிறது, பின்டயர் தள்ளுகிறது. அதனால் ஸ்டியரிங் கையில் அத்தனை சுத்தமாகப் பேசும். அளவு மீறினால் மட்டும் வால் முன்னால் வரப் பார்க்கும். அப்போது பயம் சொல்லித்தரும் காரியம், அதாவது காலை எடுப்பது, நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

இதைப் பொது ரோட்டில் கற்றுக்கொள்ளக் கூடாது. இங்கே மலைகளுக்கு நடுவே சிறிய பந்தயத் திடல்கள் இருக்கின்றன. விடுமுறை நாட்களில் சாதாரணக் கார்க்காரர்களுக்கு அங்கே பயிற்சி தருகிறார்கள். தரையில் தண்ணீர் விட்டு, இரண்டு கூம்புகளை நட்டு, “எட்டு போடுங்கள்” என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திருவண்ணாமலையில் காலை ஊன்றாமல் பைக்கில் எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கியவனை, ஜப்பானிலும் எட்டிலிருந்து தொடங்கச் சொல்கிறார்கள்.

ஈரத் தரையில் மெதுவாகக் கூம்பைச் சுற்றி வந்து, இரண்டாம் கியரில் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கூட்டினால் பின்பக்கம் விலகத் தொடங்கும். அது காதுக்குத் தெரிவதற்கு முன்னால் இடுப்புக்குத் தெரிகிறது. வால் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். காலை வெடுக்கென்று எடுக்கவும் கூடாது, மேலே மிதிக்கவும் கூடாது, கொஞ்சம் தளர்த்திப் பிடித்து வைக்க வேண்டும். பின்டயர் மறுபடி தரையைப் பிடிக்கும் கணத்தில் ஸ்டியரிங்கை நேராக்கிவிட வேண்டும். அதில் தாமதித்தால் வண்டி எதிர்ப்பக்கமாக இன்னும் மூர்க்கமாக வீசும். புதியவர்களைச் சுழற்றிவிடுவது பெரும்பாலும் இந்த இரண்டாம் வீச்சுதான்.

மதியத்துக்கு மேல் பயிற்சியாளர் தண்ணீர் கேன்களைக் கொண்டுவந்து டிக்கியில் அடுக்கி, மறுபடி எட்டு போடச் சொன்னார். புறப்படும்போது டயர் நன்றாகப் பிடித்தது, சித்தப்பா சொன்ன மாதிரியே. ஆனால் வால் ஒரு தடவை விலகிய பிறகு அதை நிறுத்துவது முன்னைவிடக் கடினமாக இருந்தது. ஓரத்தில் தொங்கும் எடை தன் போக்கில் வண்டியை இழுத்துக்கொண்டு போகிறது. “ஆக்சிலுக்கு மேல போடு” என்று சித்தப்பா சொன்னதற்குக் காரணம் அன்றைக்குத்தான் முதுகெலும்பில் ஏறியது.

ஜவ்வாது மலை டிரைவர்களுக்கு இந்தச் சோதனை தினமும் நடக்கிறது, தண்ணீர் கேன் இல்லாமல். அத்திமூரைத் தாண்டி மலை ஏறும்போது வண்டி நிறைய ஆளும் மளிகையும் இருக்கும். இறங்கும்போது ஒரு நாள் சாமை மூட்டை, புளி, பலாப்பழம். மறுநாள் ஒன்றுமே இல்லாத காலி வண்டி. ஒரே வண்டி, ஒரே வளைவு, ஆனால் பின்டயரின் பிடி நாளுக்கு நாள் வேறு. இறக்கத்தில் பாரம் ஏற்கனவே முன்னால் சாய்ந்திருக்கும், காலி வண்டியின் பின்பக்கம் இன்னும் லேசாகும். எஞ்சின் பிரேக்கிங்கும் பின்சக்கரத்தில் மட்டுமே விழும். ஈர வளைவின் நடுவில் மூன்றிலிருந்து இரண்டாம் கியருக்குத் தட்டிக் கிளட்சைப் படக்கென்று விட்டால், பின்டயரில் கைப்பிரேக் போட்ட மாதிரிதான். ஆகவே அவர்கள் வளைவு வருவதற்கு முன்பே கியரை மாற்றி முடித்து, உள்ளே ஒரே சீராக விடுவார்கள். ஹிரோஷிமாவில் காசு கொடுத்து நான் கற்றுக்கொண்ட அதே ஒழுங்கு.

தமிழ்நாட்டில் இந்தக் கலைக்கு விளையாட்டு முகமும் உண்டு, அதுவும் நீண்ட காலமாக. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப் போர்க்காலத்து சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்தியது. பிறகு இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்றே தனித் தடம் வந்தது. கோவையின் கரிவர்தன், மாருதி 800-இன் எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்து, பின்சக்கரம் தள்ளும் ஒற்றை இருக்கைக் காராக ஃபார்முலா மாருதியை உருவாக்கினார். மளிகை வாங்கப் போகிற காரின் எஞ்சின் இடம் மாறி உட்கார்ந்ததும் பந்தயக் கார் ஆகிவிட்டது! நரேன் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்தை ஓட்டியது அந்த வகைக் காரில்தான். அங்கிருந்து அவர் 2005-இல் ஃபார்முலா ஒன் வரை போனார். கரிவர்தன் 1995-இல் விமான விபத்தில் இறந்துவிட்டார், அதைப் பார்க்க அவர் இல்லை. கோவை செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2024 ஆகஸ்ட் 31 அன்று சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர்த் தெருத் தடத்தில் இரவுப் பந்தயமே நடந்தது.

இவையெல்லாம் பந்தயக்காரர்களுக்கு. பொலேரோ, ஈக்கோ, குட்டி யானை என்று பின்சக்கரம் தள்ளும் வண்டியை வைத்துப் பிழைப்பவர்களுக்கு, வழுக்கிப் பார்க்க ஓர் இடம் இல்லை. லைசென்ஸ் தேர்வில் வண்டி வழுக்கவே வழுக்காது. முதல் வழுக்கல் மழையில், பயணிகளோடு, ஒரு பக்கம் பள்ளம் உள்ள ரோட்டில் வருகிறது. கொஞ்சம் சிமென்ட் தளமும் ஒரு தண்ணீர் லாரியும் இரண்டு கூம்பும் போதும். ஆசிரியர்களுக்குப் பஞ்சமே இல்லை, போளூர் ஸ்டாண்டில் ஓய்வு பெற்றவர்கள் டீக்கடையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். மாவட்டத்துக்கு ஓர் இடம் இப்படி ஒதுக்கினால், பந்தயத்தில் நாட்டம் இல்லாதவர்களுக்கும் பந்தயக்கலையின் லாபம் கிடைக்கும்.

அது வரும் வரைக்கும், ஐப்பசி மழையில் மலை இறங்குகிற காலி வண்டிக்காரர்களுக்கு மூன்று சொல். பின்டயர் மொட்டையாக இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். பாரம் ஏற்றுவதானால் ஆக்சிலுக்கு மேலே ஏற்றுங்கள். கியரை வளைவுக்கு முன்னாலேயே போட்டு முடியுங்கள். சந்தேகம் இருந்தால் எனக்கு எழுத வேண்டாம், ஸ்டாண்டில் பெரியவர் யாரையாவது கேளுங்கள். நானும் அவர்களைக் கேட்டுத்தான் ஓட்டுகிறேன்.

அன்புடன்,
கடல் கடந்த போளூர்க்காரன்