தொண்ணூற்று நான்கு டிகிரி

கோத்தகிரிப் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். கடல் மட்டத்தில் 100. ஆறு டிகிரிதானே என்று தோன்றும். துவரம்பருப்பைக் கேட்டால் தெரியும். கொதிக்க ஆரம்பித்த தண்ணீர் அதற்கு மேல் சூடாகாது. எத்தனை விறகைச் செருகினாலும் சீக்கிரம் வற்றும், அவ்வளவுதான். குக்கர் வாங்காத காலத்தில் எங்கள் லயத்தில் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தை முடிவு செய்தது பருப்புதான். "இன்னும் கல்லாட்டம் கெடக்கு, போயி படிங்க" என்பாள் அம்மா.

உயரம் என்றதும் பள்ளத்தாக்கும் மேகமும் கொண்டைஊசி வளைவுகளும் ஞாபகம் வரும். உலைக்கும் உடம்புக்கும் அதெல்லாம் தெரியாது. தலைக்கு மேல் இன்னும் எவ்வளவு காற்று மிச்சமிருக்கிறது என்பதுதான் அவற்றுக்கு உயரம். நாம் ஒரு காற்றுக் கடலின் அடியில் வாழ்கிறோம் என்று 1644இல் இத்தாலியின் டாரிசெல்லி எழுதினார். அதை மலையேறிச் சோதித்தவர் பாஸ்கலின் அக்காள் கணவர் பெரியே. 1648 செப்டம்பர் 19 அன்று பிரான்சின் பூய் தெ தோம் மலை மீது பாதரசக் குழாயைத் தூக்கிக்கொண்டு போனார். உச்சியில் பாதரசம் 8 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தது. அடிவாரத்தில் ஒரு பாதிரியார் நாள் முழுக்க இன்னொரு குழாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது அசையவே இல்லை.

நமக்குப் பாதரசம் வேண்டாம், ஒரு வாட்டர் பாட்டில் போதும். காலி பாட்டிலைக் கோத்தகிரியில் இறுக்கி மூடிவிட்டு மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறுங்கள். இறங்கும்போது யாரோ பிடித்து நசுக்கிய மாதிரி ஒடுங்கியிருக்கும். எதிர்த்திசையில் வரும் சிப்ஸ் பாக்கெட் பலூனாக உப்பும்.

விமானத்திலும் அதே கதைதான். 35,000 அடியில் வெளியே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் கால்பங்குகூடக் கிடையாது. அதனால் காற்றை அமுக்கி உள்ளே நிரப்புகிறார்கள். ஆனால் தரையில் இருக்கும் அளவுக்கு நிரப்புவதில்லை. நிரப்பினால், உள்ளிருந்து தள்ளும் அழுத்தத்தைத் தாங்க விமானத்தை இன்னும் கனமாகக் கட்ட வேண்டும். 8000 அடி உயரத்து அழுத்தத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது விதி. அதாவது ஊட்டிக்கும் தொட்டபெட்டாவுக்கும் நடுவில் எங்கோ உட்கார்ந்திருப்பது போல. கார்பன் இழைகளால் கட்டப்பட்ட போயிங் 787இல் 6000 அடி என்று வைத்திருக்கிறார்கள். 6000 அடி என்றால் 1829 மீட்டர். எங்கள் லயம் இருக்கிற உயரம். கண்டம் விட்டுக் கண்டம் போகிறவர்கள் சில மணி நேரம் சுவாசிக்கும் காற்றைத்தான் அம்மா ஐம்பது வருடமாகச் சுவாசித்துக்கொண்டிருக்கிறாள்.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்க ஆரம்பித்தது அம்மாவின் விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 88 காட்டிய பிறகுதான். கோயம்புத்தூரில் என் வீட்டில் பத்து நாள் இருந்தபோது அதே விரல், அதே கருவி, 94. நுரையீரல் டாக்டர் இரண்டு எண்களையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிக் காட்டினார். மலையிலும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். பங்கு மாறுவதில்லை, மொத்தக் காற்று குறைகிறது. எங்கள் உயரத்தில் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 80 சதவீதம். நல்ல நுரையீரலுக்கு அது ஒரு பொருட்டில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறுகிற வரைபடத்தை டாக்டர் வரைந்தார். அதுவே ஒரு மலை மாதிரி இருந்தது. மேலே நீளமான சமதளம், பிறகு செங்குத்தான சரிவு. ஆரோக்கியமானவர்கள் சமதளத்தில் நடக்கிறார்கள், காற்று கொஞ்சம் குறைந்தாலும் பெரிதாக எதுவும் ஆகாது. அம்மா சரிவின் விளிம்பில் நிற்கிறாள். அங்கே ஒவ்வொரு அடியும் பெரிய இறக்கம்.

"சிகரெட் புடிப்பாங்களா?" என்று கேட்டார். இல்லை. "வெறகடுப்பா?" ஆமாம்.

அந்த ஒரு கேள்வியில் எனக்கு எல்லாம் கோத்துக்கொண்டது. மலை உயரம், அதனால் குளிர். குளிர் என்பதால் லயத்து ஒற்றை ஜன்னல் எப்போதும் சாத்தியே இருக்கும். மலை உயரம், அதனால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும், பருப்பு மெதுவாக வேகும். மெதுவாக வேகிற பருப்புக்கு ஒரு மணி நேரம் கூடுதல் புகை, அதுவும் சாத்திய ஜன்னலுக்குள். கொழுந்து பறித்து ஈரத்தோடு வந்தவள் அடுப்புக்கு முன்னால் குந்தி ஊதிக்கொண்டே இருந்தாள். ஆறு டிகிரி வித்தியாசம் முப்பது வருடத்தில் அவளுடைய நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. இப்போது அதே உயரம்தான் அவளுக்குக் காற்றையும் குறைத்துக் கொடுக்கிறது.

டாக்டர் சொன்னது ஒரே வரி: "கீழ கூட்டிட்டு வந்துருங்க."

அம்மாவிடம் சொன்னேன். "இன்னும் எத்தன தடவடா எறங்குறது?" என்றாள்.

அவள் பிறந்தது நுவரெலியாவுக்குப் பக்கத்துத் தோட்டத்தில். நுவரெலியா 1868 மீட்டர். தேயிலைக்கு உயரம் பிடிக்கும். குளிரில் இலை மெதுவாக வளரும், வாசம் கூடும். இலங்கையில் 1200 மீட்டருக்கு மேல் விளைகிற தேயிலைக்குத் தனிப்பெயரும் தனி மதிப்பும் உண்டு. அந்தச் செடி எங்கே வளருமோ அங்கேதான் எங்கள் ஆட்களைக் கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம். அந்த ஐந்தேகால் லட்சத்தில் அம்மாவும் ஒருத்தி. 1973, அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. ரயிலில் தலைமன்னார், கப்பலில் ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம். வாழ்க்கையில் அவள் கடல் மட்டத்தில் இருந்தது அந்த முகாமில் மட்டும்தான். அதைப் பற்றி ஒன்று மட்டும் சொல்வாள்: "சோறு வெரசா வெந்துரும். ஆனா திங்க முடியாது, அம்புட்டு வேக்காடு." பிறகு மறுபடியும் ஒரு மலை, மறுபடியும் தேயிலை. கடல் தாண்டியும் உயரம் கிட்டத்தட்ட அதேதான்.

எந்த உயரத்தில் வாழ்வது என்று அவளை யாரும் கேட்டதில்லை. முதலில் செடி முடிவு செய்தது, அப்புறம் இரண்டு பிரதமர்கள் முடிவு செய்தார்கள். இப்போது டாக்டரும் நானும் சேர்ந்து முடிவு செய்யப் பார்த்தோம்.

மறுபடி டாக்டரிடம் போனபோது அம்மாவே கேட்டாள். "நான் கீழ வரலன்னா, கீழ இருக்க காத்த மேல கொண்டாற முடியாதுங்களா?" டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார். முடியும். விமானத்தில் அழுத்தத்தைக் கூட்டுகிறார்கள், வீட்டில் ஆக்சிஜனின் பங்கைக் கூட்டலாம். எங்கள் உயரத்தில் 21ஐ 26 சதவீதமாக்கினால் கடல் மட்டத்துக் காற்றுக்குச் சமம். காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரித்துவிட்டு ஆக்சிஜனைக் குழாயில் தரும் கான்சென்ட்ரேட்டர் அதற்கும் அதிகமாகவே கொடுக்கும். "ஆனா கீழ வர்றதுதான் பாதுகாப்பு, அதையும் சொல்லிடறேன்" என்றார். அம்மா தலையாட்டினாள். கேட்டுக்கொண்டேன் என்பதற்கான தலையாட்டல் அது. சம்மதம் இல்லை.

மெஷின் வந்து நாலு மாதம் ஆகிறது. விறகடுப்பு போய்விட்டது. ஆக்சிஜன் பக்கத்தில் தீ ஆகாது என்பதால் கேஸ் அடுப்பு தள்ளி, மெஷின் கட்டிலோரம். ஜன்னல் திறந்திருக்கிறது. ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டராகப் போட்டுக்கொண்டு, மூக்கில் குழாயோடு, தேத்தண்ணி குடித்துக்கொண்டே எதிர்மலையைப் பார்த்திருப்பாள். போனில் நான் எண் கேட்பேன். 93 என்பாள். சில நாள் 91 என்பாள். நேரில் போய்ப் பார்க்கும் வரை நம்ப மனம் வராது.

இன்வெர்ட்டர் நாலு மணி நேரம் தாங்கும். ஐப்பசி மழையில் மரம் சாய்ந்தால் அங்கே கரண்ட் வர ஒரு நாள்கூட ஆகும். கோயம்புத்தூரிலிருந்து போய்ச் சேர எனக்கு இரண்டரை மணி நேரம், அதுவும் ரோட்டில் மண் சரியாமல் இருந்தால். ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் வாங்கி வைக்க வேண்டும். மழைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.